கோல்டு லைட் ஹெட்டில் கிரேடு பிடிபடவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

நீல ட்யூப் ஒன்று, பச்சை ட்யூப் ஒன்று, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று வளைந்து ஓடும் வேரியபிள் காண்ட்ராஸ்ட் கோல்டு லைட் ஹெட்டை (பல்புக்குப் பதிலாக நியான் மாதிரி ட்யூபில் எரியும் விளக்கு) 4க்கு 5 அங்குல என்லார்ஜரில், அதாவது நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக விழவைக்கும் கருவியில், மாட்டி வேலை செய்கிறேன். வேரியபிள் காண்ட்ராஸ்ட் பேப்பர் நீலம் கூடினால் ஹார்டாக (காண்ட்ராஸ்ட் அதிகமாக) வரும், பச்சை கூடினால் சாப்டாக (குறைவாக) வரும். அந்த அளவைச் சொல்லும் எண்தான் கிரேடு: 00 மிகவும் சாப்ட், 5 மிகவும் ஹார்ட். எனக்கும் நண்பர்களுக்கும் இப்படிப்பட்ட ஹெட்டுகளைத் திரும்பத் திரும்பச் சரி செய்ததில் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. பிரிண்டின் காண்ட்ராஸ்ட் தப்பாக வந்தால் கை நேராகக் கிரேடு திருகுக்குத்தான் போகிறது. பத்தில் ஏழெட்டுத் தடவை பிழை அங்கே இருப்பதில்லை. வெளிச்சம் நேற்று வந்த அளவில் இன்றும் வருகிறதா, முதல் பிரிண்டுக்கு வந்ததுதான் ஐந்தாவதுக்கும் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். அது நிலைக்கு வந்த பிறகுதான் கிரேடைப் பற்றிப் பேச முடியும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

## தொடங்கும் முன்

உங்களிடம் இருப்பது எந்த ஹெட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வகை புழக்கத்தில் உண்டு. ஒன்று, இரட்டை ட்யூப் ஹெட்: நீலத்துக்கு ஒரு திருகு, பச்சைக்கு ஒரு திருகு. அரிஸ்டோ, ஸோன் சிக்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் செய்தவை இதில் பெயர் பெற்றவை. இரண்டு, அரிஸ்டோவின் வி54 ட்யூப் போட்ட ஒற்றை ட்யூப் ஹெட்: நீலமும் பச்சையும் கலந்து வரும், கிரேடு மாற்ற மல்டிகிரேடு பில்டர் (கிரேடு எண் வாரியாக வரும் நிறத் தகடு) போட வேண்டும். மூன்று, பழைய டபிள்யூ45 ட்யூப்: நீலம் தூக்கலாக இருக்கும். ட்யூபின் ஓரத்தில் எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் வேண்டியவை: புதிதாகப் பிரித்த ஒரு பெட்டி பேப்பர், தெர்மாமீட்டர், மல்டிமீட்டர், 21 படி உள்ள ஸ்டெப் வெட்ஜ் (படிப்படியாகக் கருமை ஏறும் பிலிம் பட்டை). வெட்ஜ் இல்லாமலும் ஓட்டலாம். ஆனால் அது இருந்தால் பாதிச் சந்தேகம் ஒரே மாலையில் தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ட்யூபுக்குப் போகும் மின்னழுத்தம் வீட்டு லைன் அளவில் இருப்பதில்லை, ஆயிரம் வோல்ட்டை எட்டக்கூடியது. ஹெட்டின் மூடியையோ டிரான்ஸ்பார்மர் பெட்டியையோ பிளக் சொருகியிருக்கும்போது திறக்கவே கூடாது. இந்தக் குறிப்பில் நீங்களே செய்யச் சொல்லும் எந்தச் சோதனைக்கும் அதைத் திறக்கத் தேவையில்லை.

## முதல் பிரிண்ட் வெளுப்பு, போகப்போகக் கருக்கிறது

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானே இதில் ஒரு மாதம் தவித்தேன். தினமும் மாலை முதல் பிரிண்ட் அரை ஸ்டாப் வெளுத்து வரும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). நேரத்தைக் கூட்டுவேன். மூன்றாவது பிரிண்டில் முகம் கருத்துப் போகும். நேரத்தைக் குறைப்பேன். டெவலப்பரை மாற்றினேன், பேப்பரை மாற்றினேன். கடைசியில் ஒருநாள் விளக்கை அணைத்த நிலையில் ஹெட்டின் மேல் கை வைத்தபோது அது ஜில்லென்று இருந்தது. ட்யூபை ஒரே சூட்டில் வைத்திருக்க ஹெட்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் வயரையும் டைமரில் சொருகி வைத்திருந்தேன். டைமர் ஓடும் இருபது விநாடி மட்டும்தான் ஹீட்டருக்குக் கரண்ட் போயிருக்கிறது.

ஹீட்டருக்குத் தனி வயர் இருக்கிறதா? பெரும்பாலான பழைய கோல்டு லைட் ஹெட்டுகளில் இரண்டு வயர் வரும். விளக்கின் வயர் டைமருக்கு. ஹீட்டரின் வயர் நேராகச் சுவர் பிளக்குக்கு. வேலை முடியும் வரை அணைக்கவே கூடாது. பேப்பர் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஹீட்டரைப் போட்டுவிடுங்கள். அரை மணி கழித்து வெளிக்கூட்டைத் தொட்டால் இதமான சூடு தெரிய வேண்டும்.

காற்று அடிக்கிறதா? ஏசியின் காற்றோ சுவர் மின்விசிறியோ ஹெட்டுக்கு நேராக அடித்தால் ஹீட்டர் எவ்வளவு முயன்றாலும் ட்யூப் ஒரு சூட்டில் நிற்காது. விசிறியின் முகத்தைத் திருப்புங்கள். சும்மா கிடைக்கும் தீர்வு.

ட்யூபை ஓட விட்டீர்களா? ஹீட்டர் சரியாக இருந்தாலும் முதல் எக்ஸ்போஷருக்கு முன் விளக்கை இரண்டு மூன்று நிமிடம் ஓட விட வேண்டும். அதற்குப் பிறகு ஒரே தாளத்தில் வேலை செய்யுங்கள். ஒரு பிரிண்டுக்கு போகஸ் பார்க்க ஐந்து நிமிடம் விளக்கை எரியவிட்டு, அடுத்ததற்கு எரியவே விடாமல் இருந்தால் இரண்டும் ஒன்றாக வராது.

எவ்வளவு மாறுகிறது என்று எப்படி அளப்பது? நெகட்டிவ் இல்லாமல், லென்ஸை நன்றாகச் சுருக்கி, பேப்பர் நடுத்தரச் சாம்பலாக வரும் நேரம் ஒன்றைப் பிடியுங்கள். ஒரே தாளை ஆறு துண்டாக வெட்டி, விளக்கு போட்ட உடனே ஒன்று, 5, 10, 15, 20, 30 நிமிடம் கழித்து ஒவ்வொன்று என்று ஒரே நேர அளவில் எக்ஸ்போஸ் செய்து, பின்னால் எண் எழுதி, இருட்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள். கடைசியில் ஆறையும் ஒரே ட்ரேயில் ஒன்றாக டெவலப் செய்யுங்கள். எந்தத் துண்டிலிருந்து சாம்பல் மாறாமல் நிற்கிறதோ, அத்தனை நிமிடம்தான் உங்கள் ஹெட் சூடாக எடுத்துக்கொள்ளும் நேரம். இரட்டை ட்யூப் என்றால் நீலத்துக்கும் பச்சைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. அதனால் நேரம் மட்டுமல்ல, கிரேடும் நகர்கிறது.

நம் ஊர் கோடைக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். ட்யூப் குளிர்ந்தால் வெளிச்சம் குறையும் என்று எல்லாருக்கும் தெரியும். அளவுக்கு மேல் சூடானாலும் குறையும். மே மாதத்தில் கதவடைத்த அறையில் விளக்கைத் தொடர்ந்து எரியவிட்டால் பிரிண்ட் மெல்ல வெளுக்கத் தொடங்குவது இதனால்தான். ஒரு பிரிண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே விளக்கை அணைத்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் நகர்ந்தால், ட்யூபிலிருந்து வரும் வெளிச்சத்தை உணரியால் அளந்து நேரத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஈடுகட்டும் டைமர் ஒன்று வாங்கலாம். பழைய சந்தையில் கிடைக்கும், விலை கொஞ்சம் அதிகம். அதற்கு முன் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். அது மாற்றக்கூடிய, விலை குறைந்த பாகம்.

## ஒரே நேரம், ஒரே நெகட்டிவ், ஆனால் கன்னாபின்னாவென்று மாறுகிறது

மேலே சொன்னது ஒரே திசையில் நகரும் பிழை. இது அப்படி இல்லை. ஒன்று கருப்பு, அடுத்தது வெளுப்பு, மறுபடி கருப்பு என்று வரும்.

உங்கள் நேரம் 10 விநாடிக்குக் கீழே இருக்கிறதா? கோல்டு லைட் ட்யூப் சுவிட்ச் போட்டதும் முழு வெளிச்சத்துக்கு வந்துவிடாது. குறைந்த நேரத்தில் அந்தத் தொடக்கத் தடுமாற்றமே பெரிய பங்காகிவிடும். லென்ஸை இன்னும் ஒரு ஸ்டாப் சுருக்கி, நேரத்தை 15 முதல் 30 விநாடிக்குள் கொண்டுவாருங்கள்.

டெவலப்பர் சூடு? மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் 34, 35 டிகிரிக்கு வரும். இரவு அது வேறு. 20 டிகிரியில் ஒரு நிமிடம் என்று வைத்திருக்கும் ஆர்சி பேப்பர் (பிளாஸ்டிக் பூசியது) 30 டிகிரியில் வேறு ஆளாக நடந்துகொள்ளும். டெவலப்பர் ட்ரேயை அதைவிடப் பெரிய ட்ரேயில் வைத்து, தண்ணீர் ஊற்றி, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை அதில் மிதக்க விடுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக டெவலப்பரில் போட வேண்டாம், கரைசல் நீர்த்துவிடும்.

லைன் வோல்டேஜ்? மல்டிமீட்டரை அதே பிளக் பாயிண்டில் வைத்து, வேலை செய்யும் நேரம் முழுக்கப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நண்பரின் வீட்டில் இதைச் செய்தோம். ஏழு மணிக்குக் கீழ்வீட்டில் மோட்டார் போட்டார்கள். என்லார்ஜரின் அடிப்பலகையான பேஸ்போர்டில் விழுந்திருந்த வெளிச்சம் ஒரு கணம் சுருங்கியதைக் கண்ணாலேயே பார்த்தோம். மீட்டரில் 15 வோல்ட் இறங்கியிருந்தது. அவர் ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தது பேப்பரை.

ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்கிறீர்களா? பிரிட்ஜுக்குப் போடும் ரிலே ஸ்டெபிலைசர் வேண்டாம். அது வோல்டேஜைப் படிப்படியாகத்தான் திருத்தும். எக்ஸ்போஷர் நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அந்தப் பிரிண்ட் போயிற்று. சர்வோ ஸ்டெபிலைசர் மெதுவாக, வழுக்கிக்கொண்டு திருத்தும், அதுதான் தேவை.

இன்வெர்ட்டரில் ஓடுகிறதா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்த ஹெட்டை ஓட்டாதீர்கள். டிரான்ஸ்பார்மர் உறுமும், சூடாகும், வெளிச்சம் நம்பும்படி இருக்காது. கரண்ட் போனால் அன்றைக்குப் பிக்ஸரை (பிரிண்டை நிலைநிறுத்தும் கரைசல்) மாற்றுவது, தாள் அலசுவது போன்ற வேலையைப் பார்க்கலாம்.

அமெரிக்காவிலிருந்து வந்த ஹெட்டா? 120 வோல்ட்டுக்குச் செய்தது என்றால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். ஹெட்டின் வாட்டைப்போல் இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள், ஹீட்டரின் வாட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஸ்டெப்டவுன் அதை மாற்றாது. 60க்கு மட்டும் செய்த பவர் பெட்டி இங்கே கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## எவ்வளவு நீலம் கொடுத்தாலும் ஹார்ட் வரவில்லை

பச்சையைப் பூஜ்யத்தில் வைத்து நீலத்தை முழுக்கத் திறந்தும், பிரிண்ட் மூன்றாம் கிரேடைத் தாண்ட மறுக்கிறது. கருப்பு கருப்பாக இல்லை, வெள்ளை வெள்ளையாக இல்லை. இந்த வரிசையில் பாருங்கள்.

லென்ஸ். எதிரே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே புகை மாதிரிப் படலம் தெரிந்தால் அதுவே காண்ட்ராஸ்டைத் தின்றுகொண்டிருக்கிறது. நம் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை ஏறுவது சகஜம். மேல் தூசியை நீங்களே துடைக்கலாம். உள்படலத்துக்கு லென்ஸ் பிரிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

சேஃப்லைட். இருட்டறையில் பேப்பரைக் கெடுக்காமல் எரிய வேண்டிய மங்கல் விளக்கு இது. வேரியபிள் காண்ட்ராஸ்ட் பேப்பருக்குப் பச்சை தெரியும். கிரேடு பேப்பருக்கு (பெட்டிக்கு ஒரே கிரேடு என்று நிலையாக வருவது) ஒத்துவந்த மஞ்சள் விளக்கு இதற்கு ஒத்துவராது. பேப்பர் உற்பத்தியாளர் சொல்லும் இளம் பழுப்பு அல்லது சிவப்பு வேண்டும். 15 வாட் பல்பை 1.2 மீட்டர் தள்ளி வைப்பது வழக்கமான அளவு. காசு வைத்துப் பார்க்கும் சோதனையை வெறும் வெள்ளைத் தாளில் செய்து 'எல்லாம் சரி' என்று முடிவுக்கு வருகிறார்கள். அது போதாது. முதலில் சேஃப்லைட்டையும் அணைத்துவிட்டு, என்லார்ஜரில் மிகக் கொஞ்சம் எக்ஸ்போஸ் செய்து தாளில் லேசான சாம்பல் வரும்படி வையுங்கள். அப்புறம் அதன்மேல் நாணயம் வைத்து, சேஃப்லைட்டைப் போட்டு 2, 4, 7 நிமிடம் என்று நகர்த்துங்கள். டெவலப் செய்தால் நாணயத்தின் வட்டம் எந்த நிமிடத்தில் தெரிகிறதோ, அதற்கு முன்பே உங்கள் பேப்பர் ட்ரேக்குள் போயிருக்க வேண்டும்.

எஞ்சிய ஒளி. எல்லா விளக்கையும் அணைத்து, இருட்டில் ஐந்து நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். கூரை ட்யூப்லைட் அணைத்த பிறகும் மினுக்கும். ஹெட்டின் ட்யூபும் அப்படியே. அணைத்தவுடன் லென்ஸ் வழியே பேஸ்போர்டில் ஒளி தெரிகிறதா, ஹெட்டும் என்லார்ஜரும் சேரும் இடத்தில் ஒளிக்கசிவு இருக்கிறதா என்று கவனியுங்கள். கசிவுக்குக் கருப்பு வெல்வெட் துணி போதும்.

பழைய பேப்பர், களைத்த டெவலப்பர். எக்ஸ்போஸ் செய்யாத ஒரு துண்டைப் பாதி டெவலப் செய்து, மறு பாதியை நேராகப் பிக்ஸரில் போட்டு, இரண்டையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டெவலப் செய்த பாதி லேசாகச் சாம்பலடித்திருந்தால் பேப்பர் முடிந்தது. புதுப் பேப்பரில் கருப்பு ஏறவில்லை என்றால் டெவலப்பர்.

டிஃப்யூசர் மஞ்சளடித்திருக்கிறதா? ட்யூபுக்குக் கீழே ஒளியைப் பரப்பும் இந்தப் பால் நிற அக்ரிலிக் தகடு வருடங்கள் போனால் பழுப்பேறும். மஞ்சள் என்றால் நீலத்தைத் தடுக்கும். நீங்கள் நீலத்தைத் திறக்கத் திறக்க அது நடுவில் நின்று பிடித்துக்கொள்கிறது. பிளக்கைப் பிடுங்கி, தகட்டை எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்து ஜன்னலோரத்தில் பாருங்கள். தாளை விட மஞ்சளாகத் தெரிந்தால் மாற்றுங்கள். விளம்பரப் பலகை செய்யும் கடையில் ஓபல் அக்ரிலிக் அளவுக்கு வெட்டிக் கொடுப்பார்கள்.

இதெல்லாம் சரி, அப்பவும் ஹார்ட் வரவில்லை. இங்கேதான் பாதரசம் வருகிறது. நீல ட்யூப் என்றாலும் உள்ளே இருப்பது பாதரச ஆவி. அது நீலத்தோடு சேர்த்து 546 நானோமீட்டரில் ஒரு பச்சைக் கோட்டையும் உமிழும். கண்ணுக்கு நீலமாகத் தெரிகிற வெளிச்சத்துக்குள் பச்சை ஒளிந்திருக்கிறது. பேப்பர் அதைக் கண்டுபிடித்துவிடும். நீல ட்யூபோடு மல்டிகிரேடு 5ஆம் எண் பில்டரையும் போடுங்கள், அல்லது அடர் நீலமான ராட்டன் 47பி பில்டரை. நேரம் பல மடங்கு ஏறும். ஐந்தாம் கிரேடு தேவைப்படும் அந்த ஒன்றிரண்டு நெகட்டிவுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

## சாப்ட் வரவில்லை, எல்லாம் ஹார்டாகவே வருகிறது

டபிள்யூ45 ட்யூபா? அப்படியென்றால் அது பிழையே இல்லை, அதன் இயல்பு. கிரேடு பேப்பருக்காகச் செய்த ட்யூப் அது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் சாப்ட், நார்மல், ஹார்ட் என்று தனித்தனிப் பெட்டி வைத்து வேலை செய்த காலத்தில் விளக்கு என்ன நிறம் என்று யாரும் கவலைப்படவில்லை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பேப்பரில் தொழில் பழகியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். வேரியபிள் காண்ட்ராஸ்ட் பேப்பருக்கு இந்த ட்யூபின் நீலத்தைக் குறைக்க வேண்டும். வழக்கமான மருந்து ட்யூபுக்குக் கீழே நிரந்தரமாக ஒரு 40 மஞ்சள் சிசி பில்டர் (நிறத்தைத் திருத்தும் பில்டர்; 40 அதன் அடர்த்தி எண்). அதன்மேல் மல்டிகிரேடு பில்டர்கள் ஓரளவு எண்ணுக்கேற்ப நடக்கும்.

பில்டர் வெளுத்துவிட்டதா? என்லார்ஜரின் பில்டர் டிராயரில் வருடக்கணக்காக வெளிச்சமும் சூடும் படும் பில்டர் நிறம் இழக்கும். சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தையும் நடுப்பகுதியையும் வெள்ளைத் தாளில் வைத்து ஒப்பிட்டாலே தெரியும்.

இரட்டை ட்யூபில் பச்சை மட்டும் எரியும்போதும் சாப்ட் வரவில்லை என்றால் நீலம் முழுக்க அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில ஹெட்டுகளில் திருகைப் பூஜ்யத்தில் வைத்தாலும் லேசாக மினுங்கும். அடுத்தது மறுபடி பாதரசம்தான். பச்சை ட்யூபிலும் 436 நானோமீட்டர் நீலக் கோடு உண்டு. 00 பில்டரையும் சேர்த்துப் போட்டால் அது அடங்கும். பச்சை ட்யூப் வயதாகி மங்கியிருந்தால் பச்சைக்கான நேரம் பழைய குறிப்பைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறியிருக்கும். அதற்கு ட்யூப் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

## மூலையில் ஒரு கிரேடு, நடுவில் ஒரு கிரேடு

இரட்டை ட்யூப் ஹெட்டுக்கே உரிய தொல்லை. மூலைகள் வெளுப்பது மட்டும் என்றால் எந்த என்லார்ஜரிலும் நடக்கும். கிரேடே இடத்துக்கு இடம் மாறுவது வேறு.

நெகட்டிவ் இல்லாமல் முழுத் தாளை நீலத்தில் மட்டும் நடுச் சாம்பலாக எக்ஸ்போஸ் செய்யுங்கள். இன்னொரு தாளைப் பச்சையில் மட்டும். இரண்டையும் ஒன்றாக டெவலப் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டிலும் நான்கு மூலையும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் லென்ஸ். இரண்டு ஸ்டாப் சுருக்குங்கள். நெகட்டிவுக்கேற்ற லென்ஸ்தானா என்றும் பாருங்கள்: 35 மிமீ நெகட்டிவுக்கு 50 மிமீ லென்ஸ், 6க்கு 6 செ.மீ. நெகட்டிவுக்கு 80, 4க்கு 5 அங்குலத்துக்கு 150.

இரண்டிலும் ஒரே ஓரம் வெளுத்திருந்தால் ஹெட் சரியாக உட்காரவில்லை. கழற்றி, 180 டிகிரி திருப்பி மாட்டி, மறுபடி ஒரு தாள். வெளுப்பும் ஹெட்டோடு சேர்ந்து இடம் மாறினால் பிழை ஹெட்டில். அதே இடத்தில் நின்றால் என்லார்ஜரின் அலைன்மென்டில்.

நீலத் தாளும் பச்சைத் தாளும் வெவ்வேறு இடத்தில் வெளுத்திருந்தால் இரண்டு ட்யூபின் ஒளியும் ஒன்றாகக் கலக்கவில்லை. டிஃப்யூசரை ட்யூபிலிருந்து இன்னும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே தள்ளுங்கள், அல்லது இரண்டாவது டிஃப்யூசர் ஒன்றைச் சேருங்கள். வெளிச்சம் குறையும், கலவை கூடும். இதை நான் மூன்று ஹெட்டில் செய்திருக்கிறேன், மூன்றிலும் பலன் கிடைத்தது.

சாம்பல் தாளில் ட்யூபின் வளைவே வரி வரியாகத் தெரிந்தாலும் இதே வைத்தியம்தான்.

## ட்யூப் பாம்பு மாதிரி நெளிகிறது, துடிக்கிறது

புதுட்யூபிலும், பல மாதம் எரியாமல் கிடந்த ட்யூபிலும் வரும். முழு வெளிச்சத்தில் அரை மணி எரியவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். திருகை மிகவும் தாழ்த்தியபோது மட்டும் துடித்தால், அந்த எல்லைக்குக் கீழே அந்த ட்யூபைப் பயன்படுத்த முடியாது என்று வைத்துக்கொண்டு, லென்ஸைச் சுருக்கி திருகை உயர்த்துங்கள். முழு வெளிச்சத்திலும் துடித்து, ட்யூபின் முனைகள் கருத்திருந்தால் ஆயுள் முடியப் போகிறது.

## விளக்கு எரியவே இல்லை

பியூஸ், சுவிட்ச், ஸ்டெப்டவுன், டைமர் இந்த வரிசை. டைமரைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். எரிந்தால் டைமர். எரியாமல் டிரான்ஸ்பார்மர் மட்டும் உறுமினால் ட்யூப் அல்லது உயர் மின்னழுத்த வயர். உங்கள் வேலை அங்கே முடிகிறது.

## டைமர் தானாக ரீசெட் ஆகிறது, அல்லது அணைத்த பிறகும் ட்யூப் மினுங்குகிறது

ஹெட்டின் டிரான்ஸ்பார்மர் சுவிட்ச் ஆகும்போது ஒரு உதை கொடுக்கும். டிஜிட்டல் டைமருக்கு அது பிடிக்காது. அதேபோல, உள்ளே ரிலேக்குப் பதிலாகத் திண்மநிலை சுவிட்ச் வைத்த டைமர் முழுக்க அணைக்காமல் கொஞ்சம் கரண்டைக் கசிய விடும். சாதாரண பல்பில் அது தெரியாது. கோல்டு லைட்டில் இருட்டில் மங்கலாகத் தெரியும், பேப்பரைப் பிடிக்கும் சட்டத்தில் (ஈசல்) வைத்த பேப்பரை மெல்லக் கறுக்க வைக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. டைமர் ஒரு ரிலேயை இயக்கட்டும், ரிலே ஹெட்டை இயக்கட்டும். எலக்ட்ரீஷியன் அரை மணியில் போட்டுத் தருவார். ரிலே முனைகளில் அந்த உதையை அடக்கும் ஸ்நப்பர் ஒன்றும் போடச் சொல்லுங்கள்.

## பிரிண்ட் கூர்மையாக இல்லை

நீல வெளிச்சத்தில் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. பச்சையை முழுக்கத் திறந்து போகஸ் பாருங்கள், அப்புறம் கிரேடுக்குத் திரும்புங்கள். சில பழைய லென்ஸ்களில் பச்சையில் பிடித்த போகஸ் நீலத்தில் மயிரிழை விலகும். எஃப் 8 அல்லது எஃப் 11இல் வைத்தால் அது மறைந்துவிடும்.

## எல்லாம் சரி, ஆனால் திருகில் உள்ள எண்ணும் கிரேடும் ஒத்துப்போகவில்லை

ஒத்துப்போகாது. எல்லாப் பேப்பருக்கும் பொருந்தும் எண் எந்தத் திருகிலும் கிடையாது. மேலே சொன்ன பிழைகள் எல்லாம் நீங்கிய பிறகு ஒரு மாலை ஒதுக்கி நீங்களே அட்டவணை போட வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது.

ஹெட் நன்றாகச் சூடான பிறகு, வெட்ஜைப் பேப்பரின் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, என்லார்ஜர் வெளிச்சத்தில் எக்ஸ்போஸ் செய்யுங்கள். முதலில் பச்சை மட்டும். அடுத்து பச்சையைக் கொஞ்சம் குறைத்து, நீலத்தைக் கொஞ்சம் சேர்த்து. அப்படியே நகர்ந்து நீலம் மட்டும் வரை ஏழு தாள். ஒவ்வொன்றும் கருப்பிலிருந்து வெள்ளை வரை முழுசாகக் காட்டும்படி நேரத்தைப் பிடியுங்கள். நன்றாக அலசி, உலர்த்தி, பகல் வெளிச்சத்தில் எண்ணுங்கள். முழுக் கருப்பிலிருந்து முதலில் பிரிந்து தெரியும் படி தொடங்கி, வெள்ளைத் தாளோடு கலக்கும் முன் கடைசியாகத் தெரியும் படி வரை எத்தனை?

21 படி வெட்ஜில் ஒரு படி அரை ஸ்டாப், அடர்த்தியில் 0.15. படி எண்ணிக்கையை 15ஆல் பெருக்கினால் பேப்பர் உற்பத்தியாளர்கள் தரும் ஆர் எண் கிடைக்கும் (கருப்பிலிருந்து வெள்ளை வரை பேப்பர் ஏற்கும் வெளிச்ச வீச்சு; எண் சிறிதானால் ஹார்ட்). இல்போர்டு மல்டிகிரேடு நான்காம் தலைமுறைப் பேப்பருக்கு வெளியிட்ட அளவுகளை நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்: 00 பில்டருக்கு 180, 0க்கு 160, 1க்கு 130, 2க்கு 110, 3க்கு 90, 4க்கு 60, 5க்கு 40. அதாவது உங்கள் தாளில் 7 படி தெரிந்தால் 105, கிட்டத்தட்ட இரண்டாம் கிரேடு. 4 படி என்றால் நான்காம் கிரேடு. 12 படி தெரிந்தால் உங்கள் பச்சை ட்யூப் அருமையாக வேலை செய்கிறது.

அடுத்தது நேரம். ஏழு தாளிலும் ஒரே நடுச் சாம்பல் எந்தப் படியில் விழுகிறது என்று பாருங்கள். ஒரு தாளில் அது ஒரு படி தள்ளி விழுந்திருந்தால் அந்த அமைப்புக்கு நேரத்தை 1.4 மடங்கு கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இரண்டு படி என்றால் இரண்டு மடங்கு. இதையும் அட்டவணையில் எழுதிவிட்டால் கிரேடு மாற்றும்போது டெஸ்ட் ஸ்ட்ரிப் பாதியாகக் குறையும். வேறு பேப்பர் வாங்கினால் இன்னொரு மாலை. என் ஹெட்டின் பக்கவாட்டில் மூன்று பேப்பருக்கு மூன்று ஒட்டுத்தாள் இருக்கிறது, பென்சிலில் எழுதியது.

இத்தனை வேலைக்குப் பொறுமை இல்லை என்றால் எக்ஸ்போஷரை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். பச்சையை மட்டும் எரியவிட்டு வெளிர் பகுதிகளுக்கு ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு அதன்மேல் நீலத்தில் கருப்புக்கு இன்னொரு ஸ்ட்ரிப். திருகைக் கலக்கவே வேண்டாம். இரட்டை ட்யூப் ஹெட்டுக்கு இதைவிட இயல்பான வழி இல்லை.

## ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம்

வெளிக்கூட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அந்த நிமிடமே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டறையில் ஈரக் கையோடு நிற்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். எரிந்த வாடை, டிரான்ஸ்பார்மரிலிருந்து தார் கசிவு, வயரில் 'சிட் சிட்' என்ற பொறிச் சத்தம், இவற்றுக்கும் அதேதான்.

டிரான்ஸ்பார்மரோ ட்யூபோ சந்தேகம் என்றால் சாதாரண எலக்ட்ரீஷியனைவிட நியான் போர்டு வேலை பார்த்தவர் நல்லவர். உயர் மின்னழுத்த ட்யூபோடு பழகியவர். எது செத்தது என்று சோதித்துச் சொல்லிவிடுவார்.

ட்யூப் உடைந்தால் உள்ளே பாதரசம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டு, விசிறியை அணைத்துவிட்டு, கால் மணி வெளியே போங்கள். திரும்பி வந்து கையுறை போட்டு, கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, மிச்சத்தை ஈரத் தாளால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் கூடாது.

மாற்று ட்யூப் தேடியும் கிடைக்கவில்லை, அல்லது அதன் விலையும் கப்பல் செலவும் ஹெட்டின் விலையைத் தாண்டுகிறது என்றால், நீல, பச்சை எல்இடி வைத்து விளக்கு செய்துகொள்ளும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். 450 நானோமீட்டர் பக்கத்தில் நீலம், 525 பக்கத்தில் பச்சை. ஹீட்டர் வேண்டாம், பாதரசக் கோடும் கிடையாது. மின்னணுச் சுற்று செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் பழைய ஹெட்டின் கூட்டையும் என்லார்ஜரில் உட்காரும் வளையத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புது விளக்கை அதற்குள்ளேயே பொருத்திக்கொள்ளலாம்.